பெட்டி கணக்குப் போடும், இறங்கச் சொல்லவேண்டியது நீங்கள்: சின்ன விமானங்களில் வீநேவ்

செஸ்னா 182 ஒன்று 9,000 அடியில் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவிகளையும் ஜிபிஎஸ் வழிகாட்டலையும் ஒன்றாகத் தரும் பெட்டியான கார்மின் ஜி1000 திரை, அதோடு சேர்ந்த ஜிஎஃப்சி 700 ஆட்டோபைலட். போய்ச் சேரவேண்டிய ஊருக்கு முன்னால் ஒரு புள்ளியை 3,000 அடியில் கடக்கவேண்டும், அதைப் பைலட் ஃப்ளைட் பிளானில் சரியாகவே போட்டிருக்கிறார். எங்கிருந்து இறங்கத் தொடங்கவேண்டும் என்று பெட்டி கணக்குப் போட்டு மேப்பில் குறியும் வைத்துவிட்டது. அந்த இடத்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது 'வெர்ட்டிகல் டிராக்' என்று ஹெட்செட்டில் குரல் கேட்கிறது. சரி, இனி அது பார்த்துக்கொள்ளும் என்று பைலட் மற்ற வேலையைக் கவனிக்கிறார். குறி வருகிறது, கடந்தும் போகிறது. விமானம் 9,000 அடியிலேயே நேராகப் போய்க்கொண்டிருக்க, ஆல்டிமீட்டர் பக்கத்து மஜந்தா குறி மட்டும் கீழே கீழே நழுவுகிறது.

எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆட்டோபைலட் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. ஆட்டோபைலட் எந்த உயரத்தில் நிற்கவேண்டும் என்று சொல்லும் உயரக் குமிழில் 9,000 அடி என்று வைத்திருந்தார்கள், அதை யாரும் மாற்றவில்லை, அதனால் இருந்தது. வீநேவ் என்கிற செங்குத்து வழிகாட்டலைச் சின்ன விமானத்தில் பழகுகிறவர்களுக்கு முதலில் புரியவேண்டிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். கணக்குப் போடும் மூளை ஒன்று, இறங்க அனுமதி கொடுக்கும் இடம் வேறொன்று, இரண்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு கதவை வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இது தெளிவாகும். 2004-இல் ஜி1000 செஸ்னாக்களில் வரத் தொடங்கியபோது அதோடு இருந்த ஆட்டோபைலட் பெண்டிக்ஸ் கிங் நிறுவனத்தின் கேஏபி 140. அது நல்ல உழைப்பாளி, ஆனால் உயர விஷயத்தில் அதற்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஓர் உயரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நிமிடத்துக்கு இத்தனை அடி என்று சொன்னால் ஏறும் இறங்கும், சொன்ன உயரம் வந்ததும் சமநிலைக்கு வரும், ஓடுதளத்தில் ஐஎல்எஸ் என்கிற ரேடியோ தரையிறங்கு அமைப்பு இருந்தால் அதன் சரிவுக் கற்றையைப் பிடிக்கும். திரை எவ்வளவு அழகாகச் சரிவுப் பாதையை வரைந்து காட்டினாலும் இந்த ஆட்டோபைலட்டுக்கு அது தெரியாது, பைலட் அதைப் பார்த்து விகிதத்தைக் கையால் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். 2007 வாக்கில் ஜிஎஃப்சி 700 செஸ்னாக்களுக்குள் வந்த பிறகுதான் கணக்கும் கையும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. ஜி1000 இல்லாத பழைய விமானங்களுக்கு இந்த வசதி வர இன்னும் நாளானது. கார்மினின் ஜிடிஎன் 650, 750 ஜிபிஎஸ் பெட்டிகளுக்கு 2018-இல் வந்த மென்பொருளும் அதே காலகட்டத்தில் சந்தைக்கு வந்த ஜிஎஃப்சி 500 ஆட்டோபைலட்டும் சேர்ந்தபோதுதான் நாற்பது வருடப் பழைய விமானம்கூடத் தானாகப் பாதை பிடித்து இறங்க முடிந்தது.

இந்தப் பாதை எதற்கு, நிமிடத்துக்கு இத்தனை அடி என்று சொல்லி இறங்கினால் போதாதா என்று கேட்கலாம். கணக்கைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மூன்று டிகிரிச் சரிவு என்றால் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 318 அடி இறக்கம். 9,000-இலிருந்து 3,000-க்கு வர 6,000 அடி இறங்கவேண்டும், ஆக ஏறக்குறைய 19 மைல் முன்னால் தொடங்கவேண்டும். தரைவேகம் 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 740 அடிக்குக் கொஞ்சம் மேல், எட்டு நிமிட வேலை. இப்போது இதையே இறங்கும் விகிதத்தை மட்டும் பிடிக்கும் விஎஸ் மோடில் நிமிடத்துக்கு 700 அடி என்று வைத்துச் செய்தால் இருபது மைல் முன்னால் தொடங்கவேண்டும், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பின்காற்று கூடித் தரைவேகம் 170 ஆகிவிட்டால், அதே 700 அடி விகிதத்தில் அதே 6,000 அடியை இறங்கி முடிக்க 24 மைல் ஓடிவிடும், புள்ளியைக் கடக்கும்போது விமானம் ஆயிரம் அடிக்கு மேல் உயரத்தில் நிற்கும். விஎஸ் மோடு காலத்தை வைத்து இறங்குகிறது, கீழே இருக்கும் புள்ளி தூரத்தில் இருக்கிறது. பாதை மோடு இந்த இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. பின்காற்று வந்தால் விகிதத்தை 900 ஆக்கும், எதிர்காற்று வந்தால் 600-க்குக் கீழே குறைக்கும், பாதை மட்டும் பாதையாகவே இருக்கும்.

மூன்று டிகிரி என்பது பெட்டியில் முதலிலிருந்தே இருக்கும் அளவு, அதை மாற்றலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சின்ன விமானத்தில் கேபின் அழுத்தம் கிடையாது, வெளியே என்ன அழுத்தமோ அதுதான் உள்ளேயும். சளி பிடித்த குழந்தை பின்சீட்டில் இருக்கும்போது நிமிடத்துக்கு 740 அடி இறக்கம் காதை என்ன பாடு படுத்தும் என்று அந்தக் குழந்தையின் அம்மாவைத்தான் கேட்கவேண்டும். கோணத்தை இரண்டு டிகிரியாக வைத்தால் அதே 140 நாட்டில் விகிதம் 500 அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும், 28 மைல் முன்னால் தொடங்கினால் போதும். இன்னொன்று, கருவிகளை வைத்து இறங்கும் ஐஎஃப்ஆர் அப்ரோச் எதுவும் இல்லாமல் கண்ணால் பார்த்து இறங்கப்போகும் நாளிலும் வீநேவ் உதவும். ஊருக்கு ஐந்து மைல் முன்னால் ஓடுதளத்தைச் சுற்றிவரும் சர்க்யூட் உயரத்தில் இருக்கவேண்டும் என்று ஃப்ளைட் பிளானில் ஒரு தள்ளுபுள்ளி வைத்தால் அதற்கும் பாதை போட்டுத் தரும். நேர் மேலே வந்து சேர்ந்து, இன்னும் மூவாயிரம் அடி மிச்சம் இருக்கிறதே என்று சுற்றிச் சுற்றி இறங்கும் தொல்லை இருக்காது.

இப்போது அந்தக் கதவுக்கு வருவோம். ஜி1000, ஜிஎஃப்சி 700 கூட்டணியில் விமானம் தானாகப் பாதையில் இறங்க வேண்டுமானால், வீநேவுக்கான விஎன்வி பட்டனை அழுத்தியிருக்கவேண்டும், அப்போது பாதை மோடு மேலே வெள்ளை எழுத்தில் காத்திருக்கும். உயரக் குமிழில் இருக்கும் எண் இப்போதைய உயரத்தைவிடக் குறைந்தது 75 அடியாவது கீழே இருக்கவேண்டும். பாதையைத் தொடுவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்துக்குள் பைலட் ஒருமுறை 'ஆமாம், எனக்குத் தெரியும்' என்று சொல்லவேண்டும், விஎன்வி பட்டனைத் திரும்ப அழுத்தினாலும் சரி, உயரக் குமிழைத் திருப்பினாலும் சரி. சொல்லாவிட்டால் கடைசி ஒரு நிமிடம் அந்த வெள்ளை எழுத்து மினுங்கும். அப்போதும் பதில் வராவிட்டால் பாதை வந்து போய்விடும், விமானம் உயரத்தை விடாது.

இந்த ஐந்து நிமிட ஒப்புதல் சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. எனக்கு இது பெட்டியில் உள்ள மிக நல்ல யோசனைகளில் ஒன்றாகப் படுகிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால் ஃப்ளைட் பிளானில் போட்ட ஓர் எண்ணை நம்பி, கண்ட்ரோலர் இன்னும் அனுமதி தராத வான்வெளிக்குள் ஒரு இயந்திரம் இறங்கிவிடக்கூடாது. ஃப்ளைட் பிளானில் இருப்பது திட்டம், கண்ட்ரோலர் சொன்ன உயரம்தான் அனுமதி, உயரக் குமிழில் இருக்கவேண்டியது எப்போதும் அந்த அனுமதிதான். அதனால்தான் பாதையில் இறங்கும்போதுகூட ஃப்ளைட் பிளான் உயரம், குமிழின் உயரம் இரண்டில் எது மேலே இருக்கிறதோ அதில் ஆட்டோபைலட் நின்றுவிடும். திட்டம் 3,000 என்று சொன்னாலும் கண்ட்ரோலர் 5,000 வரைதான் கொடுத்திருந்து, அதைக் குமிழில் வைத்திருந்தால், 5,000-இல் நிற்கும். மேலே எழுத்தில் இதைப் பிரித்தும் காட்டும்: ஆல்ட்-வி என்றால் திட்டத்தின் உயரத்தைப் பிடிக்கப் போகிறது, ஆல்ட்-எஸ் என்றால் குமிழின் உயரத்தை. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அடுத்து எங்கே நிற்கப்போகிறோம் என்பதை அந்த எழுத்துதான் சொல்கிறது.

அந்தச் சிறு எழுத்துகளைப் படிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய விமானங்களின் வரலாற்றில் கொடுமையான உதாரணம் உண்டு. 1992 ஜனவரி 20 இரவு, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் தரையிறங்க வந்த ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ320 விமானம் மோன் சான்ட் ஓதீல் மலைப்பகுதியில் மோதியது. விமானத்தில் இருந்த 96 பேரில் 87 பேர் இறந்துபோனார்கள். விமானிகள் 3.3 டிகிரிச் சரிவு என்று நினைத்து எண்ணைப் போட, ஆட்டோபைலட் விகித மோடில் இருந்ததால் அதை நிமிடத்துக்கு 3,300 அடி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்ட விளக்கம். ஒரே குமிழ், ஒரு மோடில் 3.3, மறு மோடில் 33, நடுவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். பிறகு ஏர்பஸ் விகிதத்தை நான்கு இலக்கமாகவே காட்டும்படி மாற்றியது. சின்ன விமானத் திரையில் இந்தக் குழப்பம் இதே வடிவில் வராது, ஆனாலும் எந்த மோடு பச்சையில் இருக்கிறது, எது வெள்ளையில் காத்திருக்கிறது என்று ஒவ்வொரு பட்டனை அழுத்திய பிறகும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் இதை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். பட்டனைப் பார்ப்பதால் எதுவும் தெரியாது, திரையின் மேல்வரியைத்தான் பார்க்கவேண்டும்.

சரி, கதவைத் திறந்தாயிற்று, விமானம் பாதையில் இறங்குகிறது. அப்புறம் வேகம். ஜெட் விமானங்களில் வேகத்தைப் பார்த்துக்கொள்ள ஆட்டோத்ராட்டில் இருக்கிறது, நம் 182-இல் அந்த வேலை பைலட்டின் வலது கைக்கு. பாதை மோடில் ஆட்டோபைலட்டுக்குப் பாதைதான் எல்லாம், மூக்கை எவ்வளவு கீழே தள்ளவேண்டுமோ அவ்வளவு தள்ளும், வேகம் எங்கே போகிறது என்பது அதன் கவலையே இல்லை. பயண வேகத்துக்கான பவரை அப்படியே விட்டுவிட்டு மூன்று டிகிரி இறங்கினால் ஊசி 182டி-யின் பச்சை வில் முடியும் 140 நாட்டை நோக்கி நகரும், காற்று குலுக்கும் நாளில் அதைத் தாண்டுவது நல்லதில்லை. வேகம் அளவு மீறினால் ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கிக் காப்பாற்றும், ஆனால் அப்படித் தூக்கும்போது பாதையிலிருந்து 200 அடிக்கு மேல் விலகிவிட்டால் பாதை மோட்டையே கைவிட்டு, அந்த நேரத்தில் மூக்கு எந்தக் கோணத்தில் இருந்ததோ அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆக இறங்கத் தொடங்கும் டாப் ஆஃப் டிசென்ட் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னாலேயே எஞ்சின் பவரைக் காட்டும் மேனிஃபோல்டு அழுத்தத்தை ஓரிரண்டு அங்குலம் குறைத்துத் தொடங்குவதுதான் வசதி. எஞ்சினும் சட்டென்று குளிராது.

பைலட்டுகள் அதிகம் ஏமாறும் இன்னொரு இடம், கண்ட்ரோலர் பாதையை விட்டு இழுக்கும்போது. 'ஹெடிங் 240' என்றதும் விமானம் ஃப்ளைட் பிளான் கோட்டிலிருந்து விலகுகிறது, இன்னும் எவ்வளவு தூரம் பறக்கப்போகிறோம் என்பது பெட்டிக்குத் தெரியாது, தூரம் தெரியாமல் சரிவு போட முடியாது, வழிகாட்டல் மறைந்துவிடும். பாதை மோடு ஏற்கெனவே பிடித்திருந்தால் அதுவும் மூக்குக்கோண மோடுக்குத் திரும்பிவிடும், அதாவது இறங்கிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாமல். அந்த நேரத்தில் கையைக் காலைப் போட்டு ஃப்ளைட் பிளானைத் திருத்தாமல் விஎஸ் மோடுக்கோ, வேகத்தைப் பிடித்து இறங்கும் எஃப்எல்சி மோடுக்கோ மாறிவிடுவதுதான் நல்லது. திரும்பக் கோட்டுக்கு வந்த பிறகு வெர்ட்டிகல் டைரக்ட்-டு என்று ஒரு வசதி இருக்கிறது, இப்போது நிற்கும் இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்குப் புதிதாக ஒரு கோடு போடும். 25 மைல் இருக்கிறது, 6,000 அடி இறங்கவேண்டும் என்றால் இரண்டேகால் டிகிரி என்று போட்டுக்கொடுத்துவிடும், 5,000-இல் நிறுத்திவைத்துத் தாமதமாக அனுமதி தந்த நேரத்துக்கும் அதுவே கைகொடுக்கும்.

இந்தப் பாதை எதன் மேல் நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஜிபிஎஸ் பெட்டி கணக்குப் போடுகிறது என்பதால் உயரமும் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது என்று நினைத்துவிடுவார்கள். வழிப்பயணத்து வீநேவ் பாதையில் தூரம் ஜிபிஎஸ்ஸிலிருந்து வருகிறது, உயரமோ காற்றழுத்த ஆல்டிமீட்டரிலிருந்து. அதாவது நீங்கள் அழுத்த அளவைத் தவறாக வைத்தால் பாதை முழுவதும் அதே அளவு மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும், திரை மட்டும் மஜந்தா குறி நடுவில் இருக்கிறது, எல்லாம் சரி என்று காட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 28 அடி. 2022 மே 23 அன்று பாரிஸ் ஷார்ல் த கோல் விமான நிலையத்தில் மழைக்கும் மேகத்துக்கும் நடுவே இறங்க வந்த ஓர் ஏ320-க்கு, 1001 என்று சொல்லவேண்டிய அழுத்தத்தைக் கண்ட்ரோலர் 1011 என்று சொல்லிவிட்டார். காற்றழுத்தத்தை நம்பிய சரிவுப் பாதை 280 அடி கீழே போய்விட்டது, விமானிகளுக்குத் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஓடுதளத்துக்கு இன்னும் முக்கால் மைலுக்கு மேல் இருக்கும்போது விமானம் தரைக்கு ஆறு அடி உயரத்தில் இருந்தது, நல்லவேளையாக அவர்கள் சுற்றிப் போக முடிவெடுத்து மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். பத்து எண்கள், அவ்வளவுதான். அது அப்ரோச்சின் கடைசிக் கட்டம், பெரிய விமானம், ஆனால் நம் 182-இல் 9,000-இலிருந்து இறங்கும் பாதையும் இதே அழுத்த எண்ணின் மேல்தான் தொங்குகிறது. விமான நிலையத்தின் பதிவுசெய்த அறிவிப்பான ஏடிஐஎஸ்ஸில் கேட்ட எண்ணையும் டவர் சொன்ன எண்ணையும் ஒத்துப்பார்ப்பது ஐந்து வினாடி வேலை.

கடைசிக் கட்டத்தில் இந்தக் கதை மாறுகிறது. எல்பிவி என்கிற ஜிபிஎஸ் அப்ரோச்சில் சரிவுப் பாதை செயற்கைக்கோள் திருத்தத்தோடு வருகிறது. அமெரிக்காவில் அந்தத் திருத்தத்தைத் தரும் வாஸ் அமைப்பில் 2003-இலிருந்து இது இருக்கிறது. இந்தியாவில் அதே வேலையைச் செய்யும் ககன் அமைப்பை வைத்து 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட்டில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் இறங்கியது. இதில் அழுத்த எண் தவறினாலும் பாதை நகராது, இறங்குவதா திரும்ப ஏறுவதா என்று முடிவெடுக்கும் உயரத்தைப் படிக்கும் இடத்தில்தான் தவறு வந்து நிற்கும். வீநேவ் பாதை கடைசி இறக்கம் தொடங்கும் ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸ் வரை கொண்டுபோய் விடும், அதற்கு அப்பால் கிளைடுபாத் என்கிற அப்ரோச்சின் சரிவுப் பாதை எடுத்துக்கொள்ளவேண்டும். அதற்கு ஏபிஆர் பட்டனை அழுத்தி ஜிபி என்ற எழுத்து வெள்ளையில் காத்திருப்பதைப் பார்த்திருக்கவேண்டும். மறந்துவிட்டால் விமானம் ஃபிக்ஸ் உயரத்துக்கு அருமையாக வந்து சமமாகி, அப்படியே ஓடுதளத்துக்கு மேலாகப் பறந்து போய்விடும்.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. இவ்வளவு நேரமும் குமிழில் வைத்த உயரத்தை ஆட்டோபைலட் மீறாது என்ற நம்பிக்கையில் பறந்தோம். கிளைடுபாத் பிடித்து ஜிபி பச்சையானதும் அந்தக் காவல் போய்விடுகிறது, ஆட்டோபைலட் குமிழைப் பார்ப்பதே இல்லை, ஓடுதளம் வரை இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் அந்த நேரத்தில் குமிழில் இறங்க முடியாவிட்டால் திரும்ப ஏறவேண்டிய மிஸ்டு அப்ரோச் உயரத்தை முன்கூட்டியே வைத்துவிட முடிகிறது. எல்பிவி என்றால் பரவாயில்லை, அந்தச் சரிவை முடிவெடுக்கும் உயரம் வரை தடைகள் இல்லை என்று சோதித்து வரைந்திருக்கிறார்கள். ஆனால் எல்நேவ் பிளஸ் வி என்று திரையில் வந்தால் அது ஆலோசனைச் சரிவு மட்டும்தான். வசதிக்காகப் பெட்டி தானே போட்ட கோடு, எம்டிஏ என்கிற குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே அந்தக் கோட்டில் மரம் இருக்கிறதா, கோபுரம் இருக்கிறதா என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இரண்டும் திரையில் ஒரே மாதிரி மஜந்தா வைரமாகத்தான் தெரியும், ஆட்டோபைலட்டுக்கும் இரண்டும் ஒன்றுதான், எம்டிஏ வந்ததும் நிற்கவே நிற்காது. அந்தக் கட்டத்தில் திரையின் திசைகாட்டி வட்டத்தில் எல்பிவி என்று இருக்கிறதா, எல்நேவ் பிளஸ் வி என்று இருக்கிறதா என்பதை ஃபிக்ஸைக் கடப்பதற்கு முன்னால் படித்திருக்கவேண்டும். பிளஸ் வி என்றால் எம்டிஏ வருவதற்குள் ஓடுதளம் கண்ணில் படவேண்டும், படாவிட்டால் கோ-அரவுண்ட் பட்டனுக்கு விரல் போயிருக்கவேண்டும்.